வயசாயிடுச்சு சார்!

எங்கள் தெருவில் நின்றுகொண்டு "மணி!" என்று உரக்கக் கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் எதிர்வீட்டு மாமா, ரெவின்யூ இலாகாவில் ரிடையரானவர். இன்னொருவர் தெருக்கோடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். மூன்றாவது, எங்கள் வீட்டு நாய். மூன்று பேரில் கூப்பிட்ட மாத்திரத்தில் ஓடி வருவது மூன்றாவது மணிதான். மற்ற இருவரும் என்ன விஷயம் என்று விசாரித்துவிட்டுத்தான் வருவார்கள்.

(எதிர்வீட்டு மாமாவுக்கு இந்தப் பெயர்ப் பொருத்தத்தில் கொஞ்சம் வருத்தம் உண்டு. "மணி! சோபாவை விட்டு இறங்குடா நாயே!" என்று என் பையன் கத்தும்போதெல்லாம் அவர் வீட்டு ஈஸிசேர் 'கிறீச்' என்று ஒரு சத்தம் போடும்.)

மணி எங்கள் வீட்டுக்கு வந்தது 2013 ஐப்பசியில். கொட்டுகிற மழையில், என் பைக்குக்கு அடியில் ஒண்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். அசல் நாட்டு நாய். உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். "இந்த நாய் வீட்டுக்குள்ள வந்தா நான் காசிக்குப் போயிடுவேன்" என்று அம்மா அன்றைக்கே அல்டிமேட்டம் கொடுத்தாள். பன்னிரண்டு வருஷமாயிற்று. நாய் உள்ளே வந்துவிட்டது. அம்மா இன்னும் காசிக்குப் போகவில்லை. ராத்திரி தயிர்சாதம் பிசைந்தால் முதல் கவளம் யாருக்குப் போகிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை. எனக்கில்லை, அது நிச்சயம்.

போன தையில் ஆரம்பித்தது வினை.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வரும்போது பைக் சத்தம் தெருமுனையில் கேட்டாலே மணி கேட்டுக்கு வந்து நின்றுவிடுவான். வீட்டில் வேறு யாரும் என்னை அப்படி வரவேற்பதில்லை. ("பால் வாங்கிட்டு வந்தீங்களா?" என்பதை வரவேற்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது.) அந்த மணி, ஒரு நாள் கேட்டுக்கு வரவில்லை. ஹாலில் படுத்தபடியே வாலை இரண்டு தட்டு தட்டினான். மறுநாள் அதுவும் ஒரு தட்டாகக் குறைந்தது. சாதத்தில் பாதியை வைத்துவிட்டுப் போனான். டைல்ஸ் தரையில் எழுந்திருக்கும்போது பின்னங்கால் வழுக்கியது. ஒரு நாள் பையன் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சப் போக, 'உர்ர்' என்றான். பன்னிரண்டு வருஷத்தில் முதல் 'உர்ர்'!

நான் கவலைப்பட்டேன். எல்லோரையும் விசாரித்தேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

எதிர்வீட்டு மாமா: "வயசாயிடுச்சு சார்! என்னையே எடுத்துக்கோங்க, முன்ன மாதிரியா இருக்கேன்?"

இஸ்திரிக்காரர்: "வயசாயிடுச்சுல்ல சார்!"

ஆபீஸில் அடுத்த சீட்டுக்காரர் ஒரு படி மேலே போய்க் கணக்கே போட்டுக் காட்டினார். "நாய்க்கு ஒரு வருஷம்னா நமக்கு ஏழு வருஷம். பன்னிரண்டேழு எண்பத்துநாலு. எண்பத்துநாலு வயசுல நீ பைக் சத்தம் கேட்டு ஓடி வருவியா? அதுவே வாலை ஆட்டுதேன்னு சந்தோஷப்படு!"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் ஆசாமியாயிற்றே!

அம்மா மட்டும் வேறு ஒன்று சொன்னாள். ஒரு நாள் ராத்திரி, நான் லேப்டாப்பில் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது, "டேய், அது சாதத்தை இடது பக்கமாவே ஒதுக்கி மெல்லுது பாரு" என்றாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எனக்குத் தெரியாதா? நானும் அப்படித்தானே திங்கறேன்."

"உம்" என்றேன். மார்ச் மாசம். இயர் எண்டிங். டெபிட் ஒரு பக்கம் இழுக்க, கிரெடிட் மறுபக்கம் இழுக்க, நடுவில் எண்ணூற்றுச் சொச்சம் ரூபாய் உதைத்துக்கொண்டிருந்தது. நாய் எந்தப் பக்கம் மென்றால் என்ன? ஏப்ரல் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் வரை மணி காத்திருக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் வலது கண்ணுக்குக் கீழே எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு வீக்கம். கண் பாதி மூடியிருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தமிழில் எழுதினால் ஆசிரியர் பிரசுரிக்க மாட்டார். மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொன்னேன்.

* * *

ஆட்டோக்காரர் சந்தேகத்தோடு கேட்டார். "கடிக்குமா சார்?"

"பன்னிரண்டு வயசுப்பா. வயசாயிடுச்சு."

"எங்க மாமனாருக்கு எழுபத்தெட்டு ஆவுது சார். இன்னும் கடிக்கிறாரு!" என்று சொல்லிக்கொண்டே ஏற்றிக்கொண்டார்.

கிளினிக்கில் எங்களுக்கு முன்னால் ஒரு லாப்ரடாரும், காய்கறிக் கூடையில் ஒரு பூனையும் இருந்தன. லாப்ரடார் பூனையைப் பார்த்தது. பூனை லாப்ரடாரின் எஜமானரைப் பார்த்தது. எஜமானர் செல்போனைப் பார்த்தார். மணி யாரையும் பார்க்காமல் என் செருப்பில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டான்.

டாக்டர் இளம்பெண். முப்பது வயதுகூட இருக்காது. "என்ன பண்ணுது?" என்றார்.

நான் மனப்பாடமாக ஒப்பித்தேன். "சாப்பிட மாட்டேங்கறான், ஓட மாட்டேங்கறான், எரிஞ்சு விழறான். வயசாயிடுச்சு டாக்டர்."

"வயசுன்னு ஒரு வியாதி எங்க சிலபஸ்லயே கிடையாது சார்" என்றார் அவர். "அஞ்சரை வருஷம் படிச்சேன். அப்படி ஒரு பாடம் வரவே இல்லை."

சொல்லிக்கொண்டே மணியின் மேலுதட்டை மெல்லத் தூக்கினார். "இங்க பாருங்க."

பார்த்தேன். மேல்வரிசையில், பின்னால், ஒரு பெரிய பல். அதன் வெளிப்பக்கம் ஓடு உடைந்த மாதிரி பெயர்ந்து போயிருந்தது. நாய்க்கு அந்தப் பல்தான் வெட்டுக்கத்தி. அதற்கு மூன்று வேர்கள். வேர்கள் போய் முடிகிற இடம், நேராகக் கண்ணுக்குக் கீழே. பல் உடைந்து, உள்ளே கிருமி போய், வேரில் சீழ் கட்டி, அதுதான் எலுமிச்சம்பழமாக வெளியே வந்திருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை மட்டன் எலும்பு போடுவீங்களா?"

"தவறாம!" என்றேன் பெருமையாக. பன்னிரண்டு வருஷமாக, நல்லி எலும்பை எனக்கென்று வைத்துக்கொள்ளாமல் அவனுக்குப் போட்ட தியாகி நான்.

"அதுல உடைஞ்சதுதான் இது" என்றார். கெட்டி எலும்பு நாயின் பல்லை உடைக்குமாம். வேகவைத்த எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்துமாம். நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது அமுங்காத எந்தப் பொருளையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்கக் கூடாதாம். என் தியாகமெல்லாம் ஒரு நிமிஷத்தில் கிரிமினல் கேஸாகிவிட்டது.

"எத்தனை நாளா இப்படி இருக்கான்?"

"ரெண்டு மாசமா..." என்று இழுத்தேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பாவம், ரெண்டு மாசமா வலி. இவங்களுக்குச் சொல்லத் தெரியாது சார். வலிச்சா கத்துவாங்கன்னு நாம நினைக்கிறோம். கத்த மாட்டாங்க, ஒதுங்கிப் படுத்துப்பாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் நாம வயசுன்னு சொல்லிடறோம்" என்றார்.

எனக்குப் பல்வலி வந்தால் அரை மணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும். தலையைக் குனிந்துகொண்டேன். மணி அந்த நிலைமையிலும் என் கையை நக்கினான். அவனுக்குக் கேஸ் விவரம் தெரியாது.

* * *

பல்லைப் பிடுங்க மயக்கம் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ரத்தப் பரிசோதனை. கிட்னி, ஈரல் இரண்டும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு. வயசான நாய்க்கு மயக்கம் கொடுக்கலாமா என்று பயந்தேன். "வயசுக்காகப் பயப்பட வேண்டாம். ரிப்போர்ட் என்ன சொல்லுதோ அதுக்குப் பயப்படலாம்" என்றார் டாக்டர். ரிப்போர்ட் நல்லபடியாகவே வந்தது. ஆனால் எடை மெஷின் வேறு கதை சொன்னது. 23 கிலோ! பதினெட்டு இருக்க வேண்டிய ஆள்.

"சாதமே சாப்பிடலைன்னு சொன்னீங்களே?" என்றார் டாக்டர்.

அன்று ராத்திரி வீட்டில் விசாரணைக் கமிஷன் கூடியது. விசாரித்ததில் தெரியவந்த உண்மைகள் இவை: காலையில் அம்மா, பாலில் ஊறவைத்து நான்கு பிஸ்கட். பத்து மணிக்கு எதிர்வீட்டு மாமா, பன். (பெயர் பாசம்!) பதினோரு மணிக்கு இஸ்திரிக்காரர், டீயில் நனைத்த பொறை. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்த பையன், தன் பங்குக்குச் சிப்ஸ். ராத்திரி மனைவி, "பாவம், சாப்பிடவே இல்லை" என்று ஒரு தோசை. கெட்டியாக மெல்ல வேண்டியதையெல்லாம் விட்டுவிட்டு, ஊறினதையும் நனைந்ததையுமாக மணி நாள் முழுவதும் விழுங்கியிருக்கிறான். ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். ஆபீஸில் உதைத்த எண்ணூறு ரூபாயைக் கண்டுபிடித்த எனக்கு, வீட்டில் உதைத்த ஐந்து கிலோ தெரியவில்லை!

நாயின் எடை சரியா என்று பார்க்க மெஷினே வேண்டாம். டாக்டர் சொல்லிக்கொடுத்த வித்தை இது. உங்கள் கையை முஷ்டியாக மூடிக்கொண்டு விரல் முட்டிகளைத் தடவிப் பாருங்கள். நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் அது மெலிந்திருக்கிறது. கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். விலா அப்படி இருந்தால் கச்சிதம். உள்ளங்கைப் பக்கம், விரல்களுக்கு அடியில் இருக்கும் சதையைத் தடவுங்கள். விலாவைத் தேட வேண்டியிருந்தால், உங்கள் வீட்டிலும் ஒரு விசாரணைக் கமிஷன் தேவை.

இது வெறும் அழகு சமாசாரம் இல்லை. அமெரிக்காவில் பியூரினா என்கிற நாய்த் தீனிக் கம்பெனி ஒரு சோதனை செய்தது. 48 லாப்ரடார்கள். ஒரே ஈற்றில் பிறந்தவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி. குட்டியாக இருந்ததிலிருந்து ஆயுள் முழுவதும், பதினான்கு வருஷம் இப்படி. முடிவை 2002-ல் வெளியிட்டார்கள். நிறையச் சாப்பிட்ட கோஷ்டியில் பாதி நாய்கள் 11.2 வயதுக்குள் போய்ச் சேர்ந்தன. குறைவாகச் சாப்பிட்ட கோஷ்டியில் பாதி, 13 வயது வரை இருந்தன. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் போனஸ்! மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. தீனி விற்கிற கம்பெனியே தீனியைக் குறை என்று கண்டுபிடித்தது, ஜவுளிக்கடைக்காரர் 'தீபாவளிக்கு ஒரு புடவை போதும்மா' என்று சொன்ன மாதிரி. நம்பலாம்!

அந்த ஏழு வாய்ப்பாடு இருக்கிறதே, அதுவும் தப்பு. நாய் ஒரு வயதிலேயே கிட்டத்தட்ட வாலிபனாகிவிடுகிறது. அதற்கப்புறம்தான் நிதானமாக வயதாகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில், லாப்ரடார்களின் டி.என்.ஏ.வில் வயதுக்கேற்ப விழும் ரசாயன முத்திரைகளை மனிதர்களுடையதோடு ஒப்பிட்டு, 2020-ல் ஒரு புதுக் கணக்குச் சொன்னார்கள். அதன்படி ஒரு வயது நாய், முப்பத்தொரு வயது மனிதன். பன்னிரண்டு வயது நாய்? எழுபத்தொன்று! ஆபீஸ் நண்பரின் எண்பத்துநாலிலிருந்து ஒரே அடியில் பதின்மூன்று வருஷம் தள்ளுபடி. நாட்டு நாய்க்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்பது வேறு விஷயம். நண்பரிடம் காட்டினேன். "அப்ப எனக்கும் இப்படி ஏதாவது கணக்கு இருக்கா பாரு" என்றார்.

வயதுக் கணக்கில் நாய்களிடமும் தில்லுமுல்லு உண்டு. ஆஸ்திரேலியாவில் ப்ளூயி என்று ஒரு மாட்டுப்பண்ணை நாய், 1910-லிருந்து 1939 வரை 29 வருஷம் 5 மாசம் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. சுமார் இருபது வருஷம் ஆடு மாடுகளுக்கு நடுவில் உழைத்த நாய். 2023 பிப்ரவரியில் போர்ச்சுகலைச் சேர்ந்த போபி என்ற நாய், தனக்கு வயது முப்பது என்று கின்னஸ் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது. அந்த அக்டோபரில் இறந்தும் போனது. அப்புறம் சந்தேகம் கிளம்பி, பிறந்த தேதிக்குச் சரியான ஆதாரம் இல்லை என்று 2024 பிப்ரவரியில் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சர்வீஸ் ரெஜிஸ்டரில் பிறந்த தேதி தகராறு ரெவின்யூ இலாகாவோடு நிற்கவில்லை, பாருங்கள்! (எதிர்வீட்டு மாமா இதை ரசிக்கவில்லை.)

* * *

ஒரு வாரம் மாத்திரை. அப்புறம் ஒரு நாள் காலை வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு போனோம். மூன்று வேர் என்பதால் பல்லைத் துண்டாக்கி ஒவ்வொன்றாக எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் நானும் மனைவியும் பையனும். பிரசவ வார்டு வாசலில்கூட நான் அவ்வளவு நகம் கடிக்கவில்லை. ("தெரியும்" என்றாள் மனைவி.) மயக்கம் தெளிந்து, நாக்கு தொங்க, கால் பின்ன வெளியே வந்த மணி, எங்களைப் பார்த்து வாலை ஆட்ட முயன்றான். வால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் போயிற்று.

வீட்டில் அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். "அவனுக்குக் குழைய வடிச்சு வெச்சிருக்கேன். ஆறட்டும்" என்றாள். பன்னிரண்டு வருஷமாக 'அது'வாக இருந்தவன் அன்றைக்குத்தான் 'அவன்' ஆனான்.

பத்தாம் நாள் சாயங்காலம் தெருமுனை திரும்புகிறேன், கேட்டில் ஒரு மூக்கு! கேட்டுக் கம்பிகளுக்கு நடுவில், ஈரமாக, கறுப்பாக. பைக்கை ஸ்டாண்டு கூடப் போடாமல் இறங்கினேன். பால் வாங்க மறந்துபோனேன். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் புது ராஜ்ஜியம். டாக்டர் எழுதிக் கொடுத்த சட்டதிட்டங்களை மனைவி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். உங்கள் வீட்டில் வயசான நாய் இருந்தால் உபயோகப்படும் என்பதால் முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

கடன் வாங்கிப் போட்ட வழுவழு டைல்ஸ் மேல் இப்போது கோணிப்பையும் தேங்காய் நார் மிதியடிகளும் கிடக்கின்றன. மூட்டு தேய்ந்த நாய்க்கு வழுக்கும் தரை எமன். நகம் வளர்ந்திருந்தால் இன்னும் வழுக்கும், வெட்டிவிட வேண்டும். வருகிறவர்கள் "மளிகைக் கடை வெச்சிருக்கீங்களா?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

வயசான நாய்க்கு வாக்கிங் கூடாது என்று நினைத்தேன். கண்டிப்பாக வேண்டும். நிறுத்தினால் மூட்டு இன்னும் இறுகும். ஆனால் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். காலையில் கால் மணி, சாயங்காலம் கால் மணி. நம்மூர் வெயிலில் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் அவனாலும் நடக்க முடியாது. செருப்பு நமக்குத்தானே இருக்கிறது.

பல் தேய்க்க வேண்டும். யாருக்கு? மணிக்கு! நாய்க்கென்று இருக்கிற பேஸ்ட்டில்தான். நம் பேஸ்ட்டை நாய் விழுங்கக் கூடாது. விரலில் மாட்டிக்கொள்கிற பிரஷ் இருக்கிறது. முதல் வாரம் நானும் மணியும் குஸ்தி. இப்போது கோழி வாசனைப் பேஸ்ட்டைப் பார்த்தாலே வாயைத் திறக்கிறான். என் பையன்தான் இன்னும் திறக்க மாட்டேன் என்கிறான்.

தண்ணீர்ச் சட்டியைக் கவனியுங்கள். திடீரென்று ரொம்பத் தண்ணீர் குடித்தால், 'வெயில் சார்' என்று விடாதீர்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 100 மில்லிக்கு மேல் போனால், இருபது கிலோ நாய்க்கு இரண்டு லிட்டர், டாக்டரிடம் ஓட வேண்டியதுதான். கிட்னியாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம். ஆபரேஷன் செய்யாத பெண் நாயாக இருந்தால் கர்ப்பப்பையில் சீழாக இருக்கலாம். அது மணிக்கணக்கில் உயிரை வாங்கும் சமாசாரம்.

கண்ணில் நீலமாக மங்கல் தெரிந்தால் எல்லாமே புரை இல்லை; வயதில் லென்ஸ் இறுகுவதாலும் வரும். எது என்று டாக்டர் சொல்லட்டும். ராத்திரி தூங்காமல் சுற்றுவது, சுவரைப் பார்த்தபடி நிற்பது, கதவு திறக்கிற பக்கத்தை விட்டுக் கீல் பக்கம் போய்க் காத்திருப்பது, இதெல்லாம் மூளை தளர்வதன் அறிகுறி. அதையும் சொன்னால் ஏதாவது செய்ய முடியும். சொல்லாவிட்டால் முடியாது.

வலிக்கிறதே என்று நம் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள். நாம் போட்டுக்கொள்கிற பாராசிட்டமாலும், ப்ரூஃபனும் நாயின் ஈரலையும் கிட்னியையும் தாக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் விஷம். வெங்காய சாம்பாரும், திராட்சை போட்ட கேசரியும் இத்தனை வருஷம் எப்படி இவனை விட்டுவைத்தன என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப். வெறிநாய்த் தடுப்பூசி வயசானாலும் நிற்கக் கூடாது. தனியார் கிளினிக் செலவு கட்டாது என்கிறவர்களுக்குச் சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மாசாமாசம் எடை. இதற்கு ஒரு சுலப வழி: நாயைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறுங்கள், அப்புறம் நாய் இல்லாமல் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நாய் இல்லாமல் ஏறினபோது மனைவி பக்கத்தில் இருந்தாள். 81! அன்றிலிருந்து மணிக்கும் எனக்கும் ஒரே டயட். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிற பார்வையை யாராவது படம் எடுக்கலாம். வாரத்துக்குக் கால் கிலோவுக்கு மேல் குறைக்காதீர்கள் என்று டாக்டர் அவனுக்குச் சலுகை கொடுத்திருக்கிறார். எனக்கு அதுவும் இல்லை.

இதையெல்லாம் செய்தால் மணி ப்ளூயி மாதிரி இருபத்தொன்பது வருஷம் இருப்பான் என்று நான் கனவு காணவில்லை. இன்னும் இரண்டு வருஷம் இருக்கலாம், மூன்று வருஷம் இருக்கலாம். ஆனால் இருக்கிற நாளை வலியோடு ஓரமாகப் படுத்துக் கழிக்க மாட்டான். அது என் கையில் இருந்தது. இரண்டு மாசம் தவறவிட்டேன்.

* * *

முடிப்பதற்கு முன் ஒன்று.

மணி கேட்டுக்கு வந்து நின்ற அதே வாரம். ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா காபியில் ரஸ்க்கை நனைத்துக்கொண்டிருந்தாள். நன்றாக ஊறும்வரை பொறுமையாகக் காத்திருந்து, இடது கன்னத்தில் ஒதுக்கி, மெல்ல மென்றாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்கு 'சுரீர்' என்றது.

'எனக்குத் தெரியாதா? நானும் அப்படித்தானே திங்கறேன்.'

பேப்பரை மடித்து வைத்தேன். "அம்மா, வாயைத் திற."

"என்னடா இது? நான் என்ன மணியா?"

"திறம்மா."

வலது பக்கம், கீழ்வரிசையில், கறுப்பாக ஒரு பல். ஈறு சிவந்து வீங்கியிருந்தது.

"எத்தனை நாளாம்மா?"

"அது கிடக்கு, ஆறு மாசமா. வயசாயிடுச்சுல்ல? உனக்கும் ஆபீஸ்ல வேலை..."

மணிக்குச் சொல்லத் தெரியாது. அம்மாவுக்குச் சொல்லத் தெரியும், சொல்லியும் இருக்கிறாள். நான்தான் 'உம்' என்றிருக்கிறேன்.

திங்கட்கிழமை மறுபடி லீவு. "போன வாரம் நாய்க்குப் பல்லுன்னீங்க, இந்த வாரம் அம்மாவுக்கா?" என்று மேனேஜர் சிரித்தார். "ஆமா சார், வரிசை தப்பாயிடுச்சு" என்றேன். அவர் அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

பல் டாக்டர் அம்மாவின் வாயைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இவ்வளவு மோசமாயிருக்கே! எவ்வளவு நாளா வலி இருக்கு? இத்தனை நாளா வீட்டுல யாருமே கவனிக்கலையா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியில் சாய்ந்திருந்த அம்மா முந்திக்கொண்டாள்.

"நேத்துலேர்ந்துதான் டாக்டர்."